சம்மனசுக்கு நல்ல தண்ணி

“உப்புத் தண்ணியில கெடக்குற மீனுக்கு நல்ல தண்ணி எதுக்கு புள்ள?”

தெருக்குழாயில் வைத்து மாயக்காள் அத்தை என்னிடம் இப்படிக் கேட்டது போன வருடம் கோடையில். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். பதில் எனக்குத் தெரியும். தொண்டை வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்துவிட்டேன்.

“மீனோட கெடந்து இதுவும் மீனாப் போச்சு” என்று முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். சிரிப்புச் சத்தம் வீட்டு வாசல் வரை கூடவே வந்தது.

பதில் இதுதான். வெயில் தொட்டியிலிருந்து தண்ணீரை மட்டும் குடிக்கும். உப்பைத் தொடாது. பாளையம்பட்டி வெயிலில் தொட்டித் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கும். இறங்கிய இடத்தில் மறுபடியும் கடல் தண்ணீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கடைசியில் ஊறுகாய்ச் சாடிக்குள் கிடப்பதுபோல மீன் கிடந்து சாகும். அதனால் எங்கள் வீட்டுக் குடிதண்ணீரில் அதற்கும் ஒரு பங்கு.

இவ்வளவுதான் பதில். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை வரை ஆயிற்று.

கிறிஸ்டோபர் அண்ணன் மஸ்கட்டிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கியதைப் போன வார அத்தியாயத்தில் பார்த்தோம். பெட்டியைச் சுற்றித் தெருவே கூடியிருந்தது. அண்ணன் சென்ட் பாட்டிலையும் லுங்கியையும் எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கூடத்தின் மூலையில் ஈரத்துணி போர்த்தி நின்ற ஆறடிக் கண்ணாடித் தொட்டியை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. நாளைக்குப் பார்ப்பான், பார்த்ததும் என்னைப் பார்ப்பான் என்று இருந்தேன்.

வெளிநாடு போவதற்கு முன் அண்ணன் தூத்துக்குடியில் வண்ணமீன் அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். அங்கிருந்து கொண்டுவந்த மீன் அது. வெள்ளைக்காரர்கள் அதை ஏஞ்சல் என்பார்களாம். எங்கள் வீட்டில் சம்மனசு. வந்தபோது என் கட்டைவிரல் நீளம் இருந்தது. கருநீல உடம்பு, அதில் சாக்பீஸால் போட்டதுபோல வளைந்த வெள்ளைக் கோடுகள்.

தொட்டிக்குள் காற்று ஊதும் மோட்டார் கரண்டில் ஓடும். கரண்ட் போனால் ஒரு ஆள் நின்று போணியால் தண்ணீரை அள்ளி, உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் மீனுக்கு மூச்சு முட்டும். பகலில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? அப்பா உப்பு லாரி ஓட்டுகிறார். அம்மா தறிக்காரர் வீட்டுக்கு நூல் சுற்றப் போகிறாள். நான் அப்போதுதான் ஒன்பதாவது முடித்திருந்தேன்.

வாயைத் திறக்காத பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவது எளிது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நிறுத்தினார்கள்.

அண்ணன் புறப்பட்ட அன்று அப்பாவின் லாரியில்தான் போனோம். நான் நடுவில், அவர்கள் இரண்டு பக்கமும். பாலவனத்தம் தாண்டும்போது அண்ணன் சொன்னான். “பிலோமி, நான் வார வரைக்கும் சம்மனச உசுரோட வச்சிரு. வந்ததும் ஒன்னைய டுடோரியல்ல சேத்து பத்தாப்பு எழுத வைக்கிறேன். இது சத்தியம்.”

அப்பா கியரை மாற்றிக்கொண்டே சிரித்தார். “கேட்டுக்கிட்டியா பிலோமி? நாந்தான் சாட்சி” என்றார்.

அதை நம்பித்தான் இரண்டு கோடையைக் கடந்தேன். லாரியில் நீலக் கேன்களில் வந்த கடல் தண்ணீரை வடிகட்டி மாற்றினேன். இறாலைப் பொடியாக நறுக்கி ஊட்டினேன். விரல்களில் அந்த வாடை போகாமல் பூசையில் கையை நீட்டி நன்மை அப்பம் வாங்கக்கூடக் கூச்சப்பட்டேன். சம்மனசு சாகவில்லை.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்ததும் அண்ணன் துணியை விலக்கினான்.

நான் அடுப்படி வாசலில் நின்று அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  அவன் குனிந்து, தொட்டிக்குள் மீன் ஒளிந்துகொள்ள வைத்திருந்த மண்பானைக்குள் எட்டிப் பார்த்தான். பின்பக்கம் போய்ப் பார்த்தான்.

“ஏடி, எம் மீனு எங்க?”

நான் தொட்டியைக் காட்டினேன். சம்மனசு நடுவில் மிதந்துகொண்டிருந்தது. இப்போது என் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்தாலும் அதை மூட முடியாது. உடம்பு பொன்னும் பழுப்புமாக மினுங்கும். அதன்மேல் நீலக் கோடுகள் வில்லாக வளைந்து ஓடும். தோளுக்கு மேலே ஒரு நீல வளையம், மோதிரத்தைக் கழற்றி வைத்ததுபோல.

“இதா? எம் மீனு நீலம்டீ. வெள்ளக் கோடு போட்டது. இது என்னத்த?”

“அதுதாண்ணே இது. வளரவும் மாறிருச்சு.”

“மாறிருச்சா? ஆட்டுக்குட்டி வளந்து மாடாயிருமாக்கும்.” கழுத்துச் சங்கிலியை இழுத்து இழுத்து விட்டான். “செத்துப் போச்சுன்னு சொல்லப் பயந்துக்கிட்டு வேற எதையோ வாங்கிப் போட்ருக்கே. அதான நெசம்?”

நான் வால் பக்கத்தைக் காட்டினேன். அங்கே இரண்டு மூன்று பழைய வெள்ளைக் கோடுகள் இன்னும் முழுதாக அழியாமல் இருந்தன. அவன் பார்க்கவில்லை. கண்ணாடியை மோதிர விரலால் தட்டினான். கோபம் வந்தால் சம்மனசு ஒரு சத்தம் போடும். உள்ளேயிருந்து ‘டொக்’ என்று கேட்டது. அண்ணன் விரலை எடுத்துக்கொண்டான்.

“இப்பிடி மாறிருச்சுன்னு ஒரு கேசட்டுலயாச்சும் சொன்னியா?”

சொல்லவில்லைதான். மஸ்கட்டுக்குக் கேசட் பதிவு செய்கிற நாளில் அம்மா முதலில் பேசி, அழுது முடிப்பாள். அப்பா அவர் பாட்டுக்கு ஊர்க்கதை எல்லாம் சொல்லிச் சிரிப்பார். டார்ச் லைட் கேட்பார், தைலம் கேட்பார். கடைசியில் டேப் ரிக்கார்டரை என் முன்னால் வைத்து, பேசுடீ என்பார்கள். எல்லோரும் என் வாயையே பார்ப்பார்கள். என் பங்குக்குத் தொட்டி மோட்டாரின் சத்தம் கொஞ்ச நேரம் பதிவாகும். பிறகு அம்மா பட்டனை அமுக்கிவிடுவாள்.

ஆனால் அப்பாவுக்குத் தெரியும். நிறம் மாறத் தொடங்கியபோது சீக்கோ என்று பயந்து அவரிடம்தான் காட்டினேன். அவர் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, “வயசுக்கு வந்திருக்கும், சடங்கு வச்சிருவோமா?” என்று கேட்டுச் சிரித்தார்.

இப்போது அவர் வாசலில் உட்கார்ந்து முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

“ஏலே, அந்தச் சாதி மீனு அப்பிடித்தான் போல. விடுலே” என்றார்.

“நீங்க சும்மா இருங்க. எல்லாம் நீங்க குடுத்த எடம்” என்றான் அண்ணன்.

அப்பா சும்மா இருந்தார். ரேசரை டம்ளரில் அலசிவிட்டு மறு கன்னத்துக்குப் போனார். முந்தின இரவு சாப்பிடும்போது அண்ணன் அவரிடம், ஊரான் லாரி ஓட்டியது போதும், சொந்தமாக ஒன்று எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தான். அதிலிருந்து அப்பாவின் பேச்சு குறைந்திருந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து அண்ணன் பக்கம் நின்றாள். எனக்கு என்னய்யா தெரியும், நான் அந்தப் பக்கமே போறதில்லை, தண்ணிக் குடம் காலியாவதுதான் எனக்குத் தெரியும் என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் இத்தனை நாளும் அந்தக் குடங்களைச் சுமந்தது யார் என்பதையும் அவள் சொல்லியிருக்கலாம்.

அண்ணனுடைய கோபத்துக்குக் காரணம் மீன் மட்டும் அல்ல. அன்று மத்தியானம் விருதுநகரிலிருந்து சந்தியாகு மாமா வருவதாக இருந்தது. அவர் மகளைத்தான் அண்ணனுக்குப் பேசியிருக்கிறோம். புதிதாக ஒரு ஏ.சி. ஓட்டல் திறக்கப் போகிறார். பெண் வீட்டுக்குத் தன் போட்டோவை அனுப்பியபோது மீன் போட்டோவையும் அண்ணன் அனுப்பியிருந்தான். மாப்பிள்ளையை விட அவர்களுக்கு மீனைப் பிடித்துப் போயிற்று என்று அப்பாகூடக் கேலி செய்தார். அந்த மீனை ஓட்டல் முகப்பில் வைப்பதாக முடிவாகியிருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. அண்ணன் வாக்கைக் காப்பாற்றினால் போகட்டும் என்று நானும் மனதை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

“நீல மீனுன்னு சொல்லிட்டு இந்தப் பழுப்பக் காட்டினா என்னையப் பிராடுன்னு நெனைக்க மாட்டாக?” என்றான் அண்ணன். பிறகு என் முகத்துக்கு நேராக விரலை நீட்டினான். “ஒரு மீனப் பாத்துக்கத் துப்பில்ல. ஒனக்குப் பத்தாப்பு ஒரு கேடு.”

அப்போதே தெரிந்துவிட்டது. அவனுக்கு வாக்கு மறக்கவில்லை. கொடுக்காமலிருக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தான். கிடைத்துவிட்டது.

 கொல்லைப்புறம் போய்ப் போணியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். ஏற்கனவே பளபளத்த போணியைத் திரும்பத் திரும்பத் தேய்த்தேன்.

சந்தியாகு மாமாவின் கார் உச்சி வெயிலில் வந்து நின்றது. கனத்த மனிதர். படியேறும்போதே, பாளையம்பட்டி வெயில் விருதுநகர் வெயிலுக்கு அண்ணன் போல இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நேராகத் தொட்டியிடம் போனார்.

அண்ணன் வாயைத் திறந்தான். மீன் செத்துவிட்டது, இது வேறு என்று சொல்லத்தான் தயாராக இருந்தான். என் காதுபடவே அம்மாவிடம் அப்படித்தான் ஒத்திகை பார்த்திருந்தான். அதற்குள் சந்தியாகு மாமா கையைத் தட்டினார்.

“அடேயப்பா. என்னா மாப்ள இது, போட்டோவுல பொடிசாத் தெரிஞ்சுச்சு. இது ராசா மாதிரில்ல நிக்குது. தோள்ல வளையத்தப் பாருங்களேன்.”

அண்ணன் வாயை மூடினான். மறுபடி திறந்தபோது வேறு ஆளாக இருந்தான்.

“அதுதான் மாமா இது. சின்னதுல நீலமா இருக்கும். வளர வளர மாறிரும். வால் பக்கம் பாருங்க, பழைய வெள்ளக் கோடு இன்னும் கொஞ்சம் தெரியுதா?”

நான் காலையில் காட்டிய அதே இடத்தில் அவன் விரல் இருந்தது. நான் சொன்ன அதே சொற்கள். ஆடு மாடாகுமா என்று கேட்ட அதே வாய்.  அம்மா என்னைப் பார்க்காமல் காப்பி கலக்கப் போனாள். அப்பா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரொம்பச் சிரமப்பட்டு வளர்த்ததாக அண்ணன் சொன்னான். வளர்த்தோம் என்றுகூட அவன் சொல்லவில்லை.

சந்தியாகு மாமா கேள்விமேல் கேள்வி கேட்டார். என்ன தின்னும், எப்போது தண்ணீர் மாற்றுவது என்று. அண்ணன் கம்பெனியில் பார்த்ததை வைத்துச் சமாளித்தான். அங்கே கடலை ஒட்டித் தொட்டிகள். குழாய் வழியாகக் கடல் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், போய்க்கொண்டே இருக்கும்.

“தண்ணி கொறஞ்சா என்ன செய்றது?”

“கடல் தண்ணி லோடு வரும்ல மாமா. அதையே ஊத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.”

“ஊத்தக் கூடாது.”

யார் பேசியது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்ல தண்ணிதான் ஊத்தணும்” என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

சந்தியாகு மாமா சிரித்தார். “உப்புத் தண்ணி மீனுக்கு நல்ல தண்ணி எதுக்கும்மா?”

அதே கேள்வி. இந்த முறை தொண்டையில் நிற்கவில்லை. வெயில் உப்பைக் குடிக்காது என்பதைச் சொன்னேன். ஃபேன் போட்டால் இன்னும் சீக்கிரம் இறங்கும் என்பதையும் சொன்னேன். கடல் தண்ணீரையே ஊற்றினால் உங்கள் ஓட்டலில் அது ரொம்ப நாள் தாங்காது என்றேன். அவர் சிரிப்பு நின்றது. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்பிடியா சங்கதி. வேற என்னென்ன செய்யணும்? சொல்லு தாயி.”

“இருக்கு. அண்ணன் எனக்குக் குடுத்த வாக்கச் செய்யட்டும். அப்புறம் சொல்றேன்.”

“ஏய்” என்றாள் அம்மா. காப்பித் தட்டோடு வந்து எனக்கும் மாமாவுக்கும் நடுவில் நின்றாள்.

“என்ன வாக்கு?” என்று சந்தியாகு மாமா கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. அண்ணனிடம்.

அண்ணன் சிரிக்கப் பார்த்தான். சின்னப் பிள்ளை, வீட்டுக்குள்ளேயே கிடந்து கிடந்து இப்படி ஏதாவது உளறும் என்றான். நான் டுடோரியலைச் சொன்னேன். பத்தாப்பைச் சொன்னேன். லாரியில் வைத்துச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் சொன்னேன். இத்தனை நாள் பேசாதிருந்ததெல்லாம் சேர்ந்து வந்ததுபோல, நிறுத்த முடியவில்லை.

“நான் அப்பிடி ஒண்ணும் சொல்லவே இல்ல மாமா. மாதா மேல ஆணையா.”

மாதா படத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் சொன்னான்.

சந்தியாகு மாமா காப்பியை வாங்கினார். குடிக்கவில்லை. “நான் எம் பொண்ணக் குடுக்கப் போறதும் ஒங்க வாக்க நம்பித்தான் மாப்ள. சொன்னீகளா, இல்லையான்னு தெரியணும். இந்தப் புள்ள பொய் சொல்லுதா?”

“அப்பாகிட்டக் கேளுங்க” என்றேன். “அப்பாதான் சாட்சி. அவுகளே சொன்னாக.”

அப்போது கரண்ட் போனது.

ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. இரவும் பகலும் கேட்டுக் கேட்டுக் காதில் விழாமலே போயிருந்த மோட்டார் சத்தம் நின்றது. தொட்டிக்குள் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலேறி, தீர்ந்துபோயின. 

“போய் அள்ளி ஊத்துடீ” என்றான் அண்ணன்.

நான் போணியை எடுத்தேன். தொட்டியருகில் போய் நின்றேன். கை தானாகத் தண்ணீருக்குப் போயிற்று. அத்தனை நாள் பழக்கம். பாதியில் நிறுத்தினேன்.

“அப்பா சொல்லட்டும்.”

“மீனு செத்துரும்டீ.”

“அப்பா சொன்னா ஊத்துறேன்.”

அம்மா போணியைப் பிடுங்க வந்தாள். நான் விடவில்லை. அம்மாவை நான் அப்படி முறைத்ததே இல்லை. அவள் கையை எடுத்துவிட்டாள். சந்தியாகு மாமா டம்ளரைக் கீழே வைத்தார். “சொல்லுங்க சவரியப்பன்” என்றார். அதுவரை அப்பாவைச் சம்பந்தி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். குழாயடியில், சாராயக்கடையில், கோயில் வாசலில், கேசட்டில், எங்கே விட்டாலும் பேசுகிற மனிதர். நூறு பேர் கூட்டத்தில் அவர் குரல் தனியாகக் கேட்கும். அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் சொந்த லாரி நின்றது எனக்கே தெரிந்தது.

சம்மனசு மெதுவாக மேலேறி வந்தது. வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி நீட்டி மூடியது. செவுள் படபடவென்று அடித்தது. 

“சொல்லுங்கப்பா” என்றேன். “ஒரு வார்த்த.”

அப்பா எழுந்தார். ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டினார். பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டார். அதைச் சரிசெய்யவில்லை. சன்னல் மேல் இருந்த லாரிச் சாவியை எடுத்தார். அவர் வாசலுக்குப் போக வேண்டுமானால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது தலை குனிந்திருந்தது. சட்டையில் உப்பு வாடை அடித்தது.

ஒரு வார்த்தையும் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.